பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் கட்டைகளைத்தான் மவுண்டிங் என்கிறோம். எடையைத் தாங்குவது, அதிர்வை விழுங்குவது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் புரளாமல் பிடிப்பது என்று அவற்றுக்கு மூன்று வேலை. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1960களின் பிற்பகுதி செவ்ரலே கார்களில் மவுண்டிங் அறுந்து எஞ்சின் ஒரு பக்கம் எழும்ப, ஆக்ஸிலரேட்டர் இணைப்பு இழுபட்டுத் திறந்தபடி சிக்கிக்கொண்டது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து, எஞ்சின் எழாதபடி கம்பிவடம் பூட்டிக் கொடுத்தது.

முதலில் பழையதைப் பாருங்கள்

பானட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு எஞ்சினுக்குச் சுமை கொடுக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. நீளவாக்கில் பொருத்திய எஞ்சினில், கிராங்க் (எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டு) முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றினால், ஓட்டுநருக்கு இடப்பக்கம்தான் மேலே எழும்பும். ரிவர்ஸில் மறுபக்கம். லேசான அசைவு இயல்பு. எழும்பி 'டொக்' என்று விழுந்தால் ரப்பர், அதோடு ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்துவிட்டது.

எஞ்சினை அணைத்துவிட்டு நெம்புகம்பியால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். எடை அழுத்திக்கொண்டிருக்கும்வரை விரிசல் வாயை மூடிக்கொண்டிருக்கும், தூக்கினால்தான் திறக்கும். ரப்பர் உப்பிப் பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் இறங்கியிருக்கிறது. அந்தக் கசிவை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதுசும் அதே கதிதான்.

எந்தப் பொருள்?

ரோட்டில் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் புது ரப்பரே போதும். இதை நான் அழுத்திச் சொல்வேன். தொய்ந்த ரப்பரோடு ஓட்டிப் பழகியவர்கள்தான் 'ரப்பர் சரியில்லை' என்று கெட்டியானதைத் தேடுகிறார்கள். புது ரப்பர் மாட்டிய பிறகு கியர் எவ்வளவு சுத்தமாக விழுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவ்வப்போது டிராக்கிலும் ஓட்டுபவர்களுக்குப் பாலியூரிதேன் (ரப்பரைப் போன்ற, அதைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்) பொருந்தும். ஆயிலுக்கு ரப்பரைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் ஐடிலில், அதாவது நின்றபடி எஞ்சின் ஓடும்போது, நடுக்கம் கூடும். கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். எண் ஏற ஏற கெட்டி. அலுமினியமோ இரும்போ ஆன திட மவுண்டிங் ரேஸ் காருக்கு மட்டும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜோடி

புதியவர்கள் தவறும் இடம் இதுதான். எஞ்சின் மென்மையான ரப்பரில் புரண்டுகொண்டிருக்க, கியர்பாக்ஸை மட்டும் திடமாக இறுக்கினால், அந்த முறுக்கல் முழுவதும் கியர்பாக்ஸ் கூட்டின் மேல் விழும். மவுண்டிங் பூட்டும் காது விரிந்து உடைந்துபோகலாம். பழைய வண்டிக்கு அந்தக் கூடு எளிதில் கிடைக்காது. கியர்பாக்ஸ் பக்கம் எப்போதும் எஞ்சின் பக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது. ஒன்று மட்டும் புதிது என்றால் சுமை ஏறுமாறாகிவிடும்.

வாங்கும்போது

பழையது அமுங்கியிருக்கும், அதன் உயரத்தை நம்பாதீர்கள். சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். உயரம் மாறினால் ஃபேன் ரேடியேட்டர் உறையில் உரசும், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் பிராபெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் கெட்டு ஓட்டத்தில் அதிரும். பல வருடம் பெட்டியிலேயே கிடந்த 'ஒரிஜினல்' ரப்பர் ஆசை காட்டும். ரப்பர் சும்மா கிடந்தாலும் கிழடாகும். தயாரித்த தேதியைக் கேளுங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

மாட்டும்போது

பேட்டரியைக் கழற்றுங்கள். ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் அகலமான மரப்பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். இரும்பு நேரடியாகப் பட்டால் சம்ப் நசுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி எஞ்சினுக்கு அடியில் கை விடாதீர்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே விடுங்கள். ஜாக்கியை இறக்கி எஞ்சினின் எடை தானாக உட்கார்ந்த பிறகு, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். அப்புறம் ஹோஸ், எர்த் வயர், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எதுவும் விறைத்து நிற்கவில்லையா என்று தடவிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கொஞ்ச தூரம் ஓடிய பிறகு இன்னொரு முறை டார்க் ரெஞ்ச்சை எடுங்கள். புது ரப்பர் அமர்ந்து போல்ட் தளர்ந்திருக்கக்கூடும்.