8 மணி நாடகத்துக்கு முன்னால் இத்தாலியச் சாப்பாடு

நாடக அரங்குகள் வரிசையாக இருக்கிற பகுதியில், பக்கத்துத் தெருவில், பத்துப் பதினைந்து டேபிள் போட்ட சின்ன இத்தாலிய ரெஸ்டாரண்ட் ஒன்று அநேகமாக இருக்கும். அங்கே திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்காமல் போய் சீட்டில் உட்கார வேண்டுமென்றால், மெனுவுக்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 8 மணிக்குத் திரை தூக்குகிறார்கள் என்றால் 7.45க்கு சீட்டில் இருக்க வேண்டும். நடை, டிக்கெட் காட்டுகிற வரிசை, பாத்ரூம் எல்லாம் சேர்த்து 25 நிமிடம் வைத்துக்கொண்டால், 7.20க்கு ரெஸ்டாரண்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். தாமதமாகப் போனால் பல அரங்குகளில் தோதான இடைவெளி வரும்வரை உள்ளே விடமாட்டார்கள், அதனால் இதில் விட்டுப்பிடிக்க எதுவும் இல்லை. எனவே டேபிளை 5.45க்குப் பதிவு செய்யுங்கள். 6.30 போதுமே என்று தோன்றும், போதாது. ஏனென்றால் சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அதே 8 மணி நாடகம்தான், எல்லோருடைய ஆர்டரும் ஒரே பத்து நிமிடத்துக்குள் அந்தச் சின்ன சமையலறையில் போய் விழுகிறது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் ஆர்டர் உள்ளே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

உட்கார்ந்ததும், தண்ணீர் வருவதற்குள், சர்வரிடம் சொல்லிவிடுங்கள்: "8 மணி ஷோ, 7.20க்குக் கிளம்பணும்." இதைச் சொல்லக் கூச்சப்படவே வேண்டாம். அந்தப் பகுதியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தினப்படி சமாச்சாரம், எது சீக்கிரம் வரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் மெனு. ஆண்டிபாஸ்டி என்பது முதலில் கொறிக்க, பிரிமி என்பது பாஸ்தா, ரிசோட்டோ (குழைவாகக் கிளறிச் செய்கிற அரிசி) வகை, செகோண்டி என்பது இறைச்சி, மீன், கோண்டோர்னி பக்கத்தில் வைக்கிற காய்கறி, டோல்சி இனிப்பு. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு பேர் போனால் ஒரு ஆண்டிபாஸ்டியைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கொரு பாஸ்தா வாங்கினால் வயிறும் நிறையும், நாடகத்தில் தூக்கமும் வராது.

எது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான் முக்கியம். அடுக்கடுக்காக வைத்துச் சுடுகிற லசான்யா பாஸ்தா, எலும்போடு மணிக்கணக்கில் வேகவைக்கிற கன்றுக்குட்டி இறைச்சியான ஓசோபூகோ மாதிரியானவை பார்க்கப் பெரிய சமையலாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் முன்கூட்டியே தயாராகி இருக்கும், சூடுபடுத்திக் கொண்டுவந்துவிடுவார்கள். புதிதாகத் திரட்டிய முட்டை பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், உலர்ந்த பாஸ்தாவுக்குப் பத்து நிமிடம். தடிமனான மாமிசத் துண்டு கேட்டால் சுட்ட பிறகும் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் வெட்டுவார்கள். காபி சேர்த்த குளிர்ந்த இனிப்பான திராமிசு ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருக்கும், தைரியமாகக் கேளுங்கள். கேட்கும்போதே பில்லையும் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

ரிசோட்டோவை மட்டும் நாடகத்துக்கு முன்னால் தொடாதீர்கள். வேகாத அரிசியிலிருந்து தொடங்கினால் 18 முதல் 20 நிமிடம் ஒருவர் அடுப்பருகே நின்று, காய்கறியோ இறைச்சியோ வேகவைத்த சூடான சாறை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை 6.50க்கு ஆர்டர் செய்தேன், தட்டு வந்தபோது 7.20. நான்கு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு எழுந்து ஓடினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அவ்வளவு நன்றாக இருந்தது.

பாஸ்தாவிலும் ஒன்று கவனியுங்கள். காச்சோ எ பெப்பே என்பது பெகோரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், இவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் இருக்கிற மாவுச்சத்துதான் சீஸைத் திரியாமல் பிடித்துவைத்து வழவழப்பான சாஸாக ஆக்குகிறது. ஆறினால் சாஸ் இறுகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டு வந்த நொடியே சாப்பிடுங்கள், படம் எடுக்க நிற்க வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். மினெஸ்ட்ரோனே சூப்பும் காளான் ரிசோட்டோவும் காய்கறிச் சமையலாகத் தெரியும், ஆனால் இறைச்சி வேகவைத்த சாறில் செய்திருக்கலாம். புட்டனெஸ்கா சாஸில் நெத்திலி சேர்ப்பது வழக்கம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற, பாலைத் திரியவைக்கிற ரென்னட் சேர்த்துச் செய்வது, பெகோரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. இது உங்களுக்கு முக்கியமென்றால் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெயில் செய்த பாஸ்தாவைச் சீஸ் தூவாமல் கேளுங்கள், ருசியில் எந்தக் குறையும் இருக்காது.

நாடகம் முடிந்த பிறகு சாப்பிடலாம் என்றால், ரெஸ்டாரண்ட் எத்தனை மணி வரை என்று கேட்காதீர்கள், கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கதவு திறந்திருக்கும், சமையலறை அணைந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த நேரம் வேறொன்று. டிக்கெட் எதுவும் இல்லாத ஒரு நாள் 8.15க்கு உள்ளே போய்ப் பாருங்கள். கொஞ்ச நேரம் முன்புவரை இரைச்சலாக இருந்த இடம் காலியாகியிருக்கும், மேஜை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள், சர்வர் உங்களிடம் நின்று பேசுவார். அன்றைக்கு ரிசோட்டோ கேளுங்கள். தட்டு வந்ததும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: சரியாகச் செய்திருந்தால் அரிசி குவியலாக நிற்காமல் அலை மாதிரி ஓரத்துக்கு நகர்ந்து வரும்.