யூதப் பண்டிகையா? வாழ்த்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

யோம் கிப்பூர் அன்று யூத நண்பருக்கு ‘ஹேப்பி யோம் கிப்பூர்’ என்று மெசேஜ் தட்டிவிடாதீர்கள். அது கொண்டாட்ட நாளே இல்லை, பாவமன்னிப்பு நாள். சுமார் 25 மணி நேரம் சாப்பாடு கிடையாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது, குளியலும் தோல் செருப்பும்கூட விலக்கு. இன்னொரு மனிதருக்குச் செய்த தப்புக்கு அவரிடமே போய் மன்னிப்புக் கேட்காமல் கடவுளிடம் மட்டும் கேட்டால் செல்லாது என்பதும் விதி (எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்). ‘நோன்பு சிரமமில்லாமல் முடியட்டும்’ என்றால் போதும். நல்ல வருடம் அமையட்டும் என்று சொல்லும் ‘ஷனா தோவா’ எல்லாம் அதற்கு முன்பு வரும் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு.

அடுத்தது தேதிக் குழப்பம். யூதர்களுக்கு நாள் பிறப்பதே முந்தின நாள் சூரியன் மறையும்போதுதான். 2025இல் காலண்டர்கள் யோம் கிப்பூரை அக்டோபர் 2 என்று காட்டின, ஆனால் நோன்பு 1ஆம் தேதி சாயங்காலமே தொடங்கிவிட்டது; அன்று ராத்திரி அவரை ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருந்தால் சங்கடம்தான். ரம்ஜான் மாதிரி இந்தப் பண்டிகைகளும் எல்லாப் பருவத்துக்கும் நகரும் என்று நினைப்பதும் தப்பு. மாதங்கள் சந்திரக் கணக்குதான், ஆனால் 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து, பஸ்கா பண்டிகையை வசந்தத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பஸ்கா என்றதும் நினைவுக்கு வருவது, அந்த வாரத்தில் கேக், பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய் நிற்பது. எகிப்து அடிமைத்தனத்திலிருந்து கிளம்பிய அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை என்பதன் நினைவாக, புளிப்பில்லாத மட்சா ரொட்டிதான் சாப்பிடுவார்கள். பக்தியான வீடுகளில் புளித்த மாவுப் பண்டம் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. சரி, அரிசி? மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் வழக்கமாகத் தொடமாட்டார்கள், ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செபார்டி யூதர்கள் பலர் தாராளமாகச் சாப்பிடுவார்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஹனுக்காவை ‘யூத கிறிஸ்துமஸ்’ என்பவர்களுக்கு: கி.மு. 164இல் மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்ததன் நினைவு அது, இயேசு பிறப்பதற்கும் முந்தையது. டிசம்பரை ஒட்டி வருவதால்தான் இவ்வளவு பிரபலம். மத ரீதியாகச் சின்னப் பண்டிகை, வேலைக்குப் போகத் தடையில்லை.

கடைசியாக, கோடையில் வரும் திஷா பஆவ். எருசலேமில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்த இரண்டு யூத ஆலயங்களும் இடிக்கப்பட்டதற்குத் துக்கம் காக்கும் நோன்பு. அன்று அவர்களே ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை, அதனால் நீங்களும் மெசேஜ் எதுவும் அனுப்ப வேண்டாம்.