பழைய சுரங்க விளக்குகள்: வாங்குவது, சோதிப்பது, சுத்தம் செய்வது எப்படி?

சுரங்க விளக்கு சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். அலங்காரத்துக்காக அண்மையில் செய்த விளக்கைப் பழையது என்று நம்பி வாங்குவது ஒன்று. உண்மையான விளக்கைக் கொண்டுவந்து பளபளவென்று தேய்த்துவிடுவது இன்னொன்று. போலியை வாங்கினால் உங்கள் பணம் மட்டும்தான் போகும். அசலைத் தேய்த்தாலோ, அதில் பதிந்திருந்த முத்திரையும் எண்ணும் இனி யாருக்கும் கிடைக்காது. அதனால் இந்தச் செய்முறையில் சுத்தம் செய்யும் வேலை கடைசிக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

கையில் இருக்க வேண்டியவை: சிறு காந்தம், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், அளவுகோல், சமையலறைத் தராசு, மெல்லிய கையுறை, மென்மையான பல் துலக்கும் பிரஷ்.

படி 1: எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

சுடர் வெளியே தெரியும் திறந்த விளக்குகள் ஒரு வகை. தொப்பியில் மாட்டும், சின்னத் தேநீர்க் கெண்டி போன்ற எண்ணெய்த் திரி விளக்கு, மரத்திலும் பாறை இடுக்கிலும் குத்தி நிறுத்தும் மெழுகுவத்தித் தாங்கி, கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டு வரும் வாயுவை எரிக்கும் கார்பைடு விளக்கு மூன்றும் இதில் அடங்கும். சுடரைக் கம்பிவலைக்குள் அடைத்த பாதுகாப்பு விளக்கு இரண்டாவது வகை. மின்கல விளக்குகள் பிறகு வந்தவை.

பாதுகாப்பு விளக்கு பிறந்த காரணம் தெரிந்தால் அதன் உறுப்புகளைப் பார்க்கத் தெரியும். 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் இறந்தார்கள். 1815இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, நுண்ணிய கம்பிவலையைத் தாண்டிச் சுடர் பரவாது என்று காட்டினார். கம்பி வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், வலைக்கு வெளியே இருக்கும் வாயு தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. அங்குலத்துக்கு 28 கம்பி, அதாவது சதுர அங்குலத்துக்கு 784 துளை என்பது வழக்கமான அளவு. வலை மட்டும் சூழ்ந்த விளக்கில் வெளிச்சம் மங்கல். அதனால் பின்னாளில் கீழே கண்ணாடியும் மேலே வலையும் வந்தன. காற்று வீச்சைத் தடுக்க வலையின் மேல் உலோக உறை வந்தது. இன்று விற்பனைக்கு வரும் பாதுகாப்பு விளக்குகளில் பெரும்பாலானவை இப்படி உறை போட்டவைதான்.

படி 2: முதல் விளக்கு சாதாரணமானதாக இருக்கட்டும்

அரிதான விளக்கில் தொடங்க வேண்டாம். அதிகம் தயாரிக்கப்பட்ட கார்பைடு தொப்பி விளக்கு ஒன்றை, எல்லா உறுப்பும் முழுதாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவின் ஜஸ்ட்ரைட், ஆட்டோ-லைட், கைஸ் டிராப்பர் ஆகியவை எளிதில் கிடைப்பவை. பாதுகாப்பு விளக்கு என்றால் வேல்ஸின் அபர்டேரில் இயங்கிய இ. தாமஸ் அண்ட் வில்லியம்ஸ், எக்கிள்ஸின் புரொடெக்டர், ஜெர்மனியின் ஸ்விக்காவில் தொடங்கிய வுல்ஃப், மாசசூசெட்ஸின் கோஹ்லர் ஆகிய பெயர்களை அடிக்கடி காண்பீர்கள்.

உறுப்பு குறைந்த விளக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதை முழுமையாக்கத் தேவைப்படும் மூடியும் கொக்கியும் தனியாகக் கிடைப்பது கடினம். வேறு விளக்கிலிருந்து கழற்றிப் பொருத்தினால் அது ஒட்டுப்போட்ட விளக்கு. விற்கும்போது அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படி 3: கார்பைடு விளக்கைச் சோதியுங்கள்

மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே கார்பைடு அறை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கால்சியம் கார்பைடில் விழும்போது அசிட்டிலீன் உண்டாகிறது. அது வடிகட்டி கம்பளி வழியே ஏறி, ரிஃப்ளெக்டரின் நடுவில் இருக்கும் பீங்கான் முனையில் எரிகிறது.

முதலில் அடிப்பகுதியைக் கழற்றிப் பாருங்கள். சுழலவில்லை என்றால் குறடு போட்டு இறுக்கக் கூடாது. மெல்லிய பித்தளை உடனே நசுங்கும், மரை முட்டை வடிவாகும், அப்புறம் எந்த ரப்பர் வளையமும் வாயுவைத் தடுக்காது. மரையைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு ரப்பர் கையுறை அணிந்து இரு கையாலும் சமமாகத் திருகுங்கள். உள்ளே இறுகிப்போன சாம்பல் நிறக் கட்டி இருந்தால் அதில் எரியாத கார்பைடு மிச்சம் இருக்கலாம். ஈரம் பட்டால் வாயு வரும். ஆகவே இந்த வேலையைத் திறந்தவெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்ணாம்புக் கழிவு வருடக்கணக்கில் தங்கிய அறையின் அடியில் ஊசித்துளை விழுந்திருக்கும். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, தண்ணீரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை ஒவ்வொரு நிலையாகத் திருப்பிச் சொட்டுகளை எண்ணுங்கள். மூடிய நிலையில் ஒழுகினால் வால்வு தேய்ந்திருக்கிறது. ரப்பர் வளையமும் கம்பளியும் போயிருந்தால் கவலை வேண்டாம், அவை மாற்றக்கூடியவை. வாயுக்குழாய் உடைந்திருந்தால் மட்டும் தூய செப்புக்குழாய் கொண்டு பழுதுபார்க்காதீர்கள். அசிட்டிலீனும் செம்பும் சேர்ந்தால் வெடிக்கும் சேர்மம் உண்டாகும்.

ஏற்றிப் பார்க்க விரும்பினால் வீட்டுக்கு வெளியே ஏற்றுங்கள். அறையில் பாதிக்கு மேல் கார்பைடு போட வேண்டாம், ஏனென்றால் தண்ணீர் பட்டதும் அது உப்பும். அடி மூட்டில் சுடர் தெரிந்தால் வளையம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். தண்ணீரை உடனே நிறுத்தி, ஆறிய பிறகு கழற்றுங்கள். கழிவைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைக்கவே கூடாது. மிச்சக் கார்பைடு உள்ளே வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

படி 4: பாதுகாப்பு விளக்கைச் சோதியுங்கள்

போலிகள் அதிகம் புழங்கும் இடம் இது. அலங்கார விளக்கில் வலை இருக்காது, இருந்தாலும் கொசுவலை போல அகலமாக இருக்கும். அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கம்பி என்று லென்ஸால் எண்ணுங்கள். 28க்கு வெகு குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பித்தளை என்று சொல்லப்படும் பாகத்தில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. அசல் விளக்கிலும் வலை, உறை, தூண்கள் இரும்பாக இருப்பது உண்டு. அவை ஒட்டுவதில் தவறில்லை.

பூட்டைத் தேடுங்கள். தொழிலாளி சுரங்கத்தின் உள்ளே விளக்கைத் திறக்கக்கூடாது என்பதால் பணிவிளக்குகளில் பூட்டு கட்டாயம் இருந்தது. ஈயத் தக்கை அடித்து முத்திரையிடும் பூட்டு, வலுவான காந்தத்தால் மட்டும் திறக்கும் பூட்டு இரண்டையும் அதிகம் பார்க்கலாம். பூட்டே இல்லாத, கையால் எளிதாகக் கழலும் விளக்கு பெரும்பாலும் நினைவுப்பொருள். அசல் ஈய முத்திரை அப்படியே இருந்தால் துளைத்துத் திறக்காதீர்கள். விளக்கின் அரிதான பகுதியே அதுதான்.

எண்ணெய்க்கலத்திலும் மேல்பகுதியிலும் எண் அடித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் சுரங்கத்தின் விளக்குகளைப் பராமரித்த விளக்கறையிலேயே மாற்றிப் பொருத்தியிருக்கலாம், அண்மையிலும் மாற்றியிருக்கலாம். இரு பகுதியின் நிறமும் தேய்மானமும் ஒரே மாதிரி இருந்தால் முதல் காரணம் நம்பத்தக்கது.

ஓர் எச்சரிக்கை: கண்ணாடியின் மேலும் கீழும் இருக்கும் சாம்பல் நிற வளையங்கள் பல பழைய விளக்குகளில் ஆஸ்பெஸ்டாஸ். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள். வளையம் முழுதாக இருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

படி 5: முத்திரையைப் படியுங்கள்

விளக்கில் காணும் காப்புரிமைத் தேதி அது தயாரான தேதி அல்ல. 1900 ஆகஸ்ட் 28 என்பது ஃபிரெடெரிக் பால்ட்வினின் கார்பைடு விளக்குக் காப்புரிமை. அதைத் தாங்கிய விளக்கு அதற்குப் பல ஆண்டுகள் பின்னால் செய்ததாகவும் இருக்கலாம். அந்த நாளுக்கு முந்தையது அல்ல என்பது மட்டும் உறுதி. பிரிட்டிஷ் பொருள்களில் என்.சி.பி. என்ற எழுத்து தேசிய நிலக்கரி வாரியத்தைக் குறிக்கும். வாரியம் சுரங்கங்களை ஏற்றது 1947 ஜனவரி 1இல். 1987இல் பெயர் பிரிட்டிஷ் கோல் என்று மாறியது. கால எல்லை இதிலேயே கிடைத்துவிடும்.

விளக்கோடு சேர்த்துச் சேகரிக்கப்படும் பணியாளர் வில்லைகளுக்கும் (தொழிலாளியை அடையாளம் காட்டும், எண் அடித்த சிறு உலோகத் தகடுகள்) இதே கண் வேண்டும். அசலில் சுரங்கத்தின் பெயர் அச்சில் அழுத்தியது. எண்களோ ஒவ்வொன்றாக உளியால் அடித்தவை, ஆகவே சற்றுக் கோணலாக நிற்கும். கொக்கியில் தொங்கித் தொங்கித் துளையின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். எழுத்தின் ஓரம் மழுங்கி, பரப்பில் குமிழித் துளைகள் இருந்தால் அது வார்ப்பில் செய்த நகல். மெழுகுவத்தித் தாங்கியில் துருவைக் கவனியுங்கள்: பழைய துரு கரும்பழுப்பாக இறுகிப் பிடித்திருக்கும், புதிதாக வரவழைத்த துரு ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டும்.

படி 6: தொடவே கூடாதவை

விளக்குகளோடு பிற சுரங்கப் பொருள்களும் கண்ணில் படும். டெட்டனேட்டர் (வெடிமருந்தை வெடிக்கத் தூண்டும் சிறு குப்பி) டப்பாவை ஆட்டும்போது ஏதாவது குலுங்கினால் திறக்காதீர்கள், எடுத்துச் செல்லாதீர்கள்; அதே இடத்தில் விட்டுக் காவல்துறையை அழையுங்கள். எண்ணெய்க் கறை படிந்த டைனமைட் பெட்டிக்கும் இது பொருந்தும். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் பொருள் தேடிப் போக வேண்டாம்: ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கண்ணால் காண முடியாது. அமெரிக்கப் பொது நிலங்களில் 100 ஆண்டு பழமையான தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

படி 7: சுத்தம் செய்யுங்கள், குறைவாக

முதலில் நான்கு பக்கமும் படமெடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு மென்சோப்பு கலந்து, பிரஷால் தூசியையும் பிசுக்கையும் மட்டும் எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். வலையை நனைக்க வேண்டாம். இரும்புக் கம்பி ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

எலுமிச்சையோ வினிகரோ, புளிப்பான எதுவும் பித்தளையில் படக்கூடாது. அமிலம் துத்தநாகத்தை அரித்து எடுத்துவிட, செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். அது மீளாது. அமோனியா கலந்த பாலிஷும் வேண்டாம், அழுத்தத்தில் இருக்கும் பித்தளையில் அது விரிசல் உண்டாக்கும். பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். கருத்த பழுப்பு நிறம் அழுக்கல்ல, அதை விட்டுவிடுங்கள். ஒடுக்குகளையும் தட்டி நிமிர்த்த வேண்டாம். முடிவில் நுண்படிக மெழுகு (மைக்ரோகிரிஸ்டலின் வேக்ஸ்) மிக மெல்லிதாகப் பூசி, மென்துணியால் துடைத்தால் போதும்.

படி 8: வைக்கும் இடம், பதிவேடு

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஓக் மர அலமாரி அழகாக இருக்கும், ஆனால் அந்த மரம் வெளியிடும் அமில ஆவி ஈயப் பூட்டை அரித்து வெண்பொடியாக்கும். அந்தப் பொடி நஞ்சு. பூச்சிட்ட இரும்பு அலமாரியோ கண்ணாடித் தட்டோ நல்லது.

ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து, பருத்தி நூலில் சீட்டுக் கட்டுங்கள், பசை ஒட்டாதீர்கள். பதிவேட்டில் உயரம், எடை, எல்லா முத்திரைகளும் எழுத்துக்கு எழுத்து, வாங்கிய நாள், விற்றவர் சொன்ன வரலாறு ஆகியவற்றை எழுதுங்கள். சொன்னதையும் நீங்கள் கண்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். மாற்றிய வளையம், புதுக் கம்பளி, ஒட்டுப்போட்ட கொக்கி எல்லாம் அதே பக்கத்தில் தேதியோடு இருக்கட்டும்.