மஃப்ளரைக் கழற்றாமல் கழுத்து நரம்பு பார்க்காதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பர் அது. முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பாட்டியை லைன் வீட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரண்டு காலிலும் வீக்கம். "மலைக்காத்து ஒத்துக்கல டாக்டரம்மா" என்றார் மகன். பாட்டியின் தலையில் குல்லா, கழுத்தில் இரண்டு சுற்று மஃப்ளர், அதற்கு மேல் சால்வை. குளிரில் நடுங்குகிறாரே என்று மஃப்ளரை லேசாகத் தளர்த்தி, கட்டிலைச் சாய்த்து, கழுத்தைப் பார்த்தேன். துடிப்பு எதுவும் தெரியவில்லை. சீட்டில் 'நார்மல்' என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை நர்ஸ் அக்கா பாட்டியை நிமிர்த்தி உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். "டாக்டர், இந்தத் தோட்டைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டார். வலது காதுத் தோடு தானாக, மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

நாம் கழுத்து நரம்பு என்று சொல்வது சிரையைத்தான். வலப்பக்கத்து உள் கழுத்துச் சிரை ஏறக்குறைய நேர்க்கோட்டில் இதயத்தின் வலது மேலறைக்கு இறங்குகிறது. மேலறையில் அழுத்தம் கூடினால் சிரையில் ரத்தம் உயர்ந்து நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செருகிய கண்ணாடிக் குழாய் போல. பாட்டிக்கு அந்த மட்டம் அவ்வளவு உயர்ந்திருந்ததால், சாய்ந்து படுத்தபோது அதன் உச்சி தாடைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்ததும் காது வரை இறங்கி வந்து தோட்டை ஆட்டியது. தெரியாத துடிப்பை இல்லாத துடிப்பு என்று எழுதியது என் தவறு. கட்டிலின் தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்தியும் உச்சி தெரியாவிட்டால் நிமிர்த்திப் பாருங்கள், பிறகு தாழ்த்தியும் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால், குட்டையான பருத்த கழுத்தில் இது சகஜம், 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். 'நார்மல்' என்று எழுதாதீர்கள்.

அடுத்தது, எதைப் பார்க்கிறோம் என்பதில் வரும் குழப்பம். சுமை தூக்கும்போதும் சத்தம் போடும்போதும் கயிறு போலப் புடைப்பது வெளிச்சிரை. கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஆனால் மேல் திசுக்களில் அழுந்தி, வளைந்து வருவதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உள்சிரை தசைக்கு அடியில் இருக்கிறது. குழாயாகத் தெரியாது, தோலின் மேல் அதன் அசைவுதான் தெரியும். பக்கத்திலேயே தமனியும் துடிக்கும். தமனித் துடிப்பு விரலில் முட்டும், ஒற்றையாக அடிக்கும். சிரைத் துடிப்பு பெரும்பாலும் இரட்டையாக அலை அலையாகத் தெரியும், விரலில் தட்டுப்படாது, காறை எலும்புக்கு மேல் லேசாக அழுத்தினாலே நின்றுவிடும், உட்கார்ந்தால் இறங்கும். சந்தேகம் வந்தால் நோயாளியை எழுப்பி உட்கார வையுங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மூடுபனி இறங்கினால் பகல் இரண்டு மணிக்கே வார்டு இருட்டிவிடும். டார்ச்சை நேராகக் கழுத்தில் அடித்தால் அசைவு தட்டையாகிவிடும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் ஆடும். தலையணையில் தலை நன்றாகச் சாய்ந்திருக்கட்டும், முகத்தை இடப்பக்கம் லேசாகத் திருப்பினால் போதும். ரொம்பத் திருப்பினால் தசை இறுகி எல்லாவற்றையும் மறைக்கும்.

அளப்பதில் நடக்கும் தவறு எளிமையானது, ஆனாலும் விடாமல் நடக்கிறது: ஸ்கேலைக் கழுத்தோடு சாய்த்து வைத்து அளக்கிறார்கள். நெஞ்செலும்பின் மேல்பகுதியில் விரலை ஓட்டினால் ஒரு மேடு தட்டுப்படும். அங்கிருந்து செங்குத்தாக ஒரு ஸ்கேல், துடிப்பின் உச்சியிலிருந்து படுக்கை வாக்கில் இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தின் உயரம் 3 செ.மீ.க்கு மேல் போனால் அழுத்தம் கூடியிருக்கிறது. இந்த மேட்டிலிருந்து அளக்கும் முறையை 1930இல் பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் சொன்னார். மேலறையின் நடு இந்த மேட்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. கீழே என்பது கணக்கு.

வயிற்றை அழுத்தி, கழுத்தில் மட்டம் ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனை மலையில் கெடுவதற்கு முக்கியக் காரணம் நம் கை. ஜனவரியில் ஐஸ் மாதிரி இருக்கும் கையை வயிற்றில் வைத்தால் யாருமே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சைப் பிடித்தால் ஆரோக்கியமான கழுத்தும் புடைக்கும். சூடான டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு வாருங்கள். வாயைத் திறந்து சாதாரணமாக மூச்சுவிடச் சொல்லி, சீராகப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்துங்கள். உயர்ந்து உடனே இறங்கினால் பயமில்லை. உயர்ந்தது அப்படியே நின்றால் வலது இதயம் திணறுகிறது.

விறகடுப்புப் புகையில் வாழ்ந்த நுரையீரல்காரர்களுக்கு மூச்சை வெளியே விடும்போது கழுத்து நிறையும், இழுக்கும்போது காலியாகும். அதை மட்டும் பார்த்து இதயச் செயலிழப்பு என்று சொல்லிவிடக் கூடாது. மாறாக, மூச்சை இழுக்கும்போது மட்டம் ஏறினால் கவனியுங்கள். 1873இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் விவரித்த அறிகுறி அது. இதய உறை இறுகியிருக்கலாம், நம் நாட்டில் அதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். புடைத்த சிரை துடிக்கவே இல்லை என்றால், முகமும் வீங்கியிருந்தால், நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பெருஞ்சிரையை அடைக்கிறது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஊட்டியே சுமார் 2,240 மீட்டர்தான். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குப் புதிதாக மூச்சு வாங்கினால் மலைக்காற்றின் மேல் பழி போடாதீர்கள். நிமிர்ந்து, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதே காறை எலும்புக்கு மேல் சிரை துடிப்பது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்து சரியாக இருப்பதால் நெஞ்சுவலியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், மாரடைப்பு வந்தவருக்கும் கழுத்து சாதாரணமாக இருக்கலாம்.

பாட்டிக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். பல வருஷப் புகையில் கெட்ட நுரையீரல், அதனால் களைத்துப்போன வலது இதயம். நீர் மாத்திரையும் ஆக்ஸிஜனும் ஆரம்பித்தோம். தினமும் மஃப்ளரை முழுசாகக் கழற்றி, அதே 45 டிகிரியில் பார்த்து, கோணத்தையும் உயரத்தையும் சேர்த்து எழுதினேன். ஆறாம் நாள் துடிப்பு தாடையை விட்டிறங்கி கழுத்தின் நடுவில் தெரிந்தது. உட்கார வைத்துப் பார்த்தேன், தோடு அசையவில்லை.