கடல்குதிரை வளர்ப்பில் பலர் சறுக்கும் இடங்கள்

கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. குழல் போன்ற வாயால் இரையை உறிஞ்சி முழுசாக விழுங்கும். விழுங்கியது குடலில் வெகுநேரம் தங்காது. இது தெரியாமல், மற்ற மீன்களுக்குப் போடுவதுபோல ஒருவேளை தீனியோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. தினமும் இரண்டு மூன்று வேளையாவது போட வேண்டும்.

எதைப் போடுகிறோம் என்பதிலும் ஏமாறுகிறோம். வளர்ந்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரி) ஆசையாகத் தின்னும், ஆனால் அதில் சத்து குறைவு. அதையே நம்பினால் தின்றுகொண்டே மெலியும். உறைந்த மைசிஸ் என்னும் பொடி இறாலை உருகவைத்து, அலசி, சத்துக் கலவை சேர்த்துப் போடுங்கள். போட்டுவிட்டு அப்படியே போய்விடாமல் கொஞ்சம் நின்று பாருங்கள். கண்கள் தனித்தனியே உருளும், தலை இறாலை நோக்கிச் சாயும், 'டக்' என்று சின்னச் சத்தம், இறாலைக் காணோம்! மூக்கருகே மிதந்து போவதைக் கண்டும் காணாமல் இருந்தால் ஏதோ கோளாறு. மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள், அழுகினால் அம்மோனியா ஏறும்.

கடலில் பிடித்ததை வாங்காதீர்கள். உறைந்த தீனியைப் பல நேரம் தொடவே தொடாது, ஒட்டுண்ணிகளோடும் வரும். இவற்றின் பன்னாட்டு வணிகம் 2004 முதல் சைட்டிஸ் என்னும் அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதும் சும்மா இல்லை. பண்ணையில் பிறந்ததையே கேளுங்கள், வாங்குமுன் உறைந்த மைசிஸைக் கண்முன் தின்னவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சுறுசுறுப்பான மீன்களோடு சேர்த்து விடுவது அடுத்த வினை. இது நிதானமாக யோசித்து முடிப்பதற்குள் அவை தட்டைக் காலி செய்துவிடும். கடல் சாமந்தி கொட்டும், நண்டு வாலைப் பிடிக்கும். என்னைக் கேட்டால், கடல்குதிரைக்குத் தனித் தொட்டிதான். குட்டையான தொட்டி ஆகாது; இணை சேரும்போது இரண்டும் மேலெழும்பும் என்பதால் 45 செ.மீ. உயரமாவது வேண்டும். வால் சுற்றிப் பிடிக்கக் கிளைகள் வேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டரைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும்.

வெப்பமண்டல இனம்தானே என்று தண்ணீரை 27 டிகிரியில் வைப்பார்கள். அந்தச் சூட்டில் நோய் தரும் விப்ரியோ பாக்டீரியா மளமளவெனப் பெருகும். 22 முதல் 24 டிகிரி போதும். வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படலாம்.

கடல்குதிரையில் முட்டைகளைச் சுமப்பது ஆண்தான். அதன் வயிற்றுப் பை உப்பியிருந்தால் சினை என்று மகிழ்வதற்கு முன், நீந்துவதைக் கவனியுங்கள். வால் மேலே தூக்கி, கீழே இறங்க முடியாமல் மிதந்தால் பையில் காற்று சேர்ந்திருக்கலாம். தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் மீன் நோய் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள்.