"சாஃப்ட்வேர் பார்த்துக்கும்ணா": பிள்ளைகளின் மூளைப் படத்தில் நாம் செய்கிற தவறுகள்

போன வாரம் ராயபுரத்தில் ஒரு டீக்கடையில், பிள்ளைகளின் மூளை ஸ்கேன் ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து தன் முடிவைக் காட்டினார். சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய அதே அடி. கொலுசைக் கழற்றச் சொல்லுங்கள், பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லித்தருவார்கள், விடுகிறேன்.

தலை அசைவு

சமூகப் பதற்றம் (நாலு பேர் நம்மைப் பார்ப்பார்களே என்கிற பயம்) உள்ள பிள்ளைகள் ஒரு குழு, இல்லாதவர்கள் ஒரு குழு. இரு தரப்பையும் எஃப்எம்ஆர்ஐயில் (மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) சும்மா படுக்கவைத்து, மூளைப் பகுதிகள் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்த்தோம். பதற்றக் குழுவில் தூரத்துப் பகுதிகளுக்கிடையே இணைப்பு குறைவு, பக்கத்துப் பகுதிகளுக்கிடையே அதிகம். சந்தோஷத்தில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஸ்கேனுக்குள் யார் எவ்வளவு தலையை ஆட்டினார்கள் என்று குழுவாரியாகப் பார்க்கத் தோன்றியது எட்டு மாதம் கழித்துத்தான். பதற்றக் குழுதான் அதிகம் ஆடியிருந்தது. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தாலே இதே வடிவத்தில் போலி இணைப்பு வரும் என்று மூளை ஆய்வாளர் ஜோனாதன் பவர் குழு 2012-லேயே எழுதியாகிவிட்டது, நான் அதைப் படித்தும் இருந்தேன்!

"அதான் சாஃப்ட்வேர் அலைன் பண்ணிடுமேண்ணா" என்றார் தம்பி. இதைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரியும். கேரம் ஆடும்போது ஸ்டிரைக்கரை விடுகிற நொடியில் எவனோ பலகையை இடித்துவிடுகிறான். அப்புறம் பலகையை நேராக வைத்தால் காய் பழைய இடத்துக்கு வந்துவிடுமா? படங்களைப் பொருத்தலாம், ஆனால் அசைந்தபோதும் அதற்கடுத்த சில நொடிகளிலும் சிக்னலே கெட்டுப்போயிருக்கும்.

சரி, ஆடிய படங்களை வெட்டினேன். முடிவு காணாமல் போனது. அதிகம் ஆடியவர்களை மொத்தமாகக் கழித்தாலோ மிஞ்சுகிறவர்கள் பதற்றம் குறைந்த பிள்ளைகள். யாருக்காக ஆய்வோ அவர்களே ஆய்வில் இல்லை. அதனால் இப்போது ஸ்கேனுக்கு முன்பே ஒரு பெரிய பிளாஸ்டிக் குழாய்க்குள் படுக்கவைத்து, ஸ்கேனர் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு, நெற்றியில் டேப் ஒட்டிப் பழக்குகிறோம் (தலை நகர்ந்தால் தோல் இழுக்கும், பிள்ளைக்கே தெரிந்துவிடும்). அரை மணி நேரம் போகும். போகட்டும்.

பதற்றத்தை அளக்கும் கேள்விப் படிவத்தை அம்மாவிடம் மட்டும் கொடுப்பது

பாக்ஸிங் ரிங்கில் மூக்கில் ரத்தம் வந்தும் நிற்கிற வியாசர்பாடிப் பையன், வகுப்பில் எழுந்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் மூன்று நாள் பள்ளிக்கூடம் பக்கமே போகமாட்டான். "இவனுக்கா சார் பயம்?" என்று அவன் அம்மா சிரித்தார். அவர் நிரப்பியதை மட்டும் நம்பியிருந்தால் பையன் பதற்றம் இல்லாத குழுவில் உட்கார்ந்திருப்பான்.

அமிக்டலா ஒளிர்ந்தால் பயம்

மூளையின் ஆழத்தில் இருக்கிற இந்தச் சின்னப் பகுதி, சிரித்த முகத்தைக் காட்டினாலும் படத்தில் ஒளிரும், புது முகத்துக்கும் ஒளிரும்.

இருபது பேரை வைத்துப் பெரிய பேச்சு

மூளைப் படத்தில் அளந்ததையும் குணத்தையும் முடிச்சுப்போட ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று 2022-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஒரு பிள்ளையின் படத்தை வைத்து "இவளுக்குச் சமூகப் பதற்றம்" என்று வீட்டில் சொல்வது

படத்தில் அது தெரியாது.