பிளாஸ்டிக் பையில் எழும்பாத விரல்ரேகை: என் அனுபவம்

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். குளிரூட்டிய எங்கள் தடயவியல் பயிற்சிக்கூடத்திலோ காற்று வறண்டிருக்கும். தேக்கா கடைகளில் வாங்கிய பிளாஸ்டிக் பைகளில் ஒற்றிய மறைரேகைகள் (கண்ணுக்குப் புலப்படாத விரல்ரேகைகள்), சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசையின் ஆவியில் வைத்தும் மங்கலாகவே எழும்பின. உடன் பயிலும் அக்கா பசையைச் சந்தேகித்தார், நான் காற்றை.

அந்த ஆவி, ரேகையின் வியர்வைப் படிவைப் பற்றி வெண்ணிறப் பாலிமராக இறுக, 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் வேண்டும். மூடிய பெட்டிக்குள் வெந்நீர்க் குவளை வைத்து, ஈரமானி அந்த அளவைத் தொட்ட பிறகே பசையைச் சூடாக்கினேன். வரிகள் பால்வெள்ளையாக எழுந்தபோது எத்தனை மகிழ்ச்சி!

கண்ணுக்குப் பிடித்தால் மட்டும் போதாது, ஒப்பிட்டாக வேண்டும். ஒரே விரலைத் தொடர்ந்து ஒற்றினால் படிவு குறைந்துகொண்டே வரும். அந்த ஒற்றல் ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, ஒரு பாதியை வறண்ட காற்றிலும் மறுபாதியை ஈரக் காற்றிலும் எழுப்பி, வரிகளின் தெளிவுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டேன். கடைசி ஒற்றல்களில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது: ஈரப் பாதியில் வரிகளின் முடிவும் கிளைப்பும், வறண்ட பாதியில் வெறும் கறை.

மங்கியவற்றுக்கு பேசிக் யெல்லோ 40 என்னும் ஒளிரும் சாயமிட்டு நீல ஒளியில் பார்க்கலாம். ஆவி மிகுந்தால் பின்னணியே வெளுத்துவிடும். வரி தெரிந்ததும் நிறுத்துங்கள். ஆவி வெளியேற்றும் வசதி இல்லாத அறையில் இதைத் தொடவே வேண்டாம்.